ஜெர்மனிக்குப் போன பன்னிரண்டு ஜோடி சலங்கை

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. நன்றாகத் தெரிந்தவனாலும் இல்லை. கையில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியும் என்று நம்புகிறவனால்தான் எல்லாக் கேடும். நான் அந்த மூன்றாவது வகை. பி.காம்., இரண்டாம் வகுப்பு.

இரண்டாயிரத்துப் பத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் நானும் ஸ்டெல்லாவும் குடியிருந்தோம். நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, இணையத்தில் நாட்டிய சாமான் விற்க ஆரம்பித்தேன். சரக்கு சிதம்பரத்திலிருந்து வரும். ஸ்டெல்லாவின் தம்பி ஆரோக்கியராஜ் அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். சலங்கை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி என்று நான் கேட்பதை வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்து தருவான். எங்கள் இருவருக்குமே நாட்டியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. (முதல் தடவை அவன் கொண்டுவந்த ஒட்டியாணத்தை நெற்றிச்சுட்டி என்று போட்டு விற்றுவிட்டேன். நெற்றிக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று மலேசியாவிலிருந்து ஓர் அம்மா மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார்.)

அந்த வருடம் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அனுப்பியவர் சுகந்தி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். பன்னிரண்டு ஜோடி சலங்கை வேண்டும். அதில் ஒரு ஜோடி அவர் மகளுக்கு. ஆறு வாரத்தில் மகளுக்கு அரங்கேற்றம். மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள்: சலங்கைகளைச் சிதம்பரத்தில் நடராஜர் சந்நிதியில் வைத்துப் பூசை செய்து அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளை பிறந்தபோதே நேர்ந்துகொண்டது என்று எழுதியிருந்தார்.

ஆரோக்கியராஜிடம் சொன்னேன்.

"மாமா, நம்ம ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை பூசைக்கே லேட்டா போறவுங்க. என்னைய போயி இந்தப் பூசைக்கு அனுப்புறியே" என்றான். ஆனால் போனான். இரண்டு பை நிறையச் சலங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஒரு கூட்டமே ஆடிக்கொண்டு வருகிற மாதிரி சத்தம் வருமாம். வீதியே திரும்பிப் பார்த்ததாம். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டிருக்கிறார்கள். அவன் எனக்குப் போன் போட, நான் ஜெர்மனிக்குப் போட, அங்கே விடிந்தும் விடியாத நேரம். தூக்கக் கலக்கத்திலும் சுகந்தி டீச்சர் மகளின் நட்சத்திரத்தைச் சொன்னார். பூசை நல்லபடியாக முடிந்தது. தப்பு செய்ய வேண்டிய ஒரே ஆள் நான்தான் பாக்கி.

இணையத்தில் என்னை மாதிரி சின்ன விற்பனையாளர்கள் புலம்பிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. சுங்கத்தில் பார்சல் மாட்டிக்கொள்ள ஒரே காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று பாரத்தில் மொட்டையாக எழுதுவதுதான் என்று அங்கே பெரியவர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். விவரமாக எழுதினால் தாமதமே இல்லையாம். அதைப் படித்துவிட்டுத்தான் தபால் நிலையத்துக்குப் போனேன். ஸ்டெல்லா வெள்ளைத் துணி போட்டு நாலு பக்கமும் தைத்துக் கொடுத்த பெட்டி. தூக்க முடியாத கனம்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா பாரத்தைக் கொடுத்துக் கேட்டார். "உள்ள இன்னா சார் இருக்கு?"

"சலங்கை."

"டான்ஸ் பெல்னு எழுதிடுங்க, போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வெளிநாட்டுக்காரனுக்கு அது புரியாதுங்க மேடம். ஸ்கூல் மணின்னு நெனச்சுக்குவான். விவரமா எழுதணும்."

"எழுதுங்க சார். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

நான் அகராதியைப் பார்த்து முன்னமே தயாராக வந்திருந்தேன். சலங்கை மணியின் வெளிப்பக்கம் பித்தளைக் கூடு. கூட்டுக்கு ஆங்கிலம் 'ஷெல்'. உள்ளே உருளுவது இரும்புப் பரல். பரலுக்கு 'ஷாட்' என்று போட்டிருந்தது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எறும்பு மாதிரி எழுத்தில் எழுதினேன்: 'ஆயிரத்து இருநூறு பித்தளை ஷெல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஷாட் லோடு செய்யப்பட்டுள்ளது. இருபத்துநான்கு தோல் பெல்ட்டுகளில் பொருத்தப்பட்டவை. சோதித்துப் பார்க்கப்பட்டது. மிகப் பலமான சத்தம் வரும்.'

இதையெல்லாம் ஆங்கிலத்தில். கடைசி வரி விற்பனைக்காக நானே சேர்த்தது.

சென்னையில் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் சலங்கை என்று தெரிந்திருக்கும், நம்ம ஊர்க்காரர்கள்தானே. மறுபடி கட்டி அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் ஜெர்மனியில் இறங்கியது. பதினோராம் நாள் கம்ப்யூட்டரில் 'சுங்கத்தில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. பன்னிரண்டாம் நாளும் அதே வரி. அடுத்த ஒரு வாரமும் அதே வரி. காலையில் எழுந்ததும் பார்ப்பேன். கரண்ட் போய் வந்ததும் பார்ப்பேன். கரண்ட் போன நேரத்தில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் சுகந்தி டீச்சரின் போன்.

"தம்பி, சுங்கத்தில இருந்து நேரில வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனனான். பெட்டியைத் தனி அறையில வச்சிருக்கினம். கிட்டப் போக விடேல்லை. நீங்கள் உந்தப் பாரத்தில என்ன எழுதினனீங்கள்?"

பெருமையாகவே முழுவதும் சொன்னேன்.

"தம்பி, ஷெல் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"கூடுங்க மேடம்."

"நான் யாழ்ப்பாணத்தில பிறந்தனான். ஷெல் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். அதன் பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, வீட்டுக்கூரையில் வந்து விழுவதற்குப் பெயர் ஷெல் என்றும், துப்பாக்கிக்குள் போடுவது ஷாட் என்றும், இரண்டையும் பெல்ட்டில் கோத்து, லோடு செய்து, சோதித்துவிட்டதாக எழுதி அனுப்பினால் எந்த நாட்டுச் சுங்க அதிகாரியும் நிறுத்தத்தான் செய்வார் என்றும் சொன்னார். நிபுணர் ஒருவர் வந்து பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்களாம். அவர் எப்போது வருவார் என்று தெரியாது. அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அன்று நான் சாப்பிடவில்லை. ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாமா?"

"கேட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமாடா மச்சான்?"

"எனக்கெங்க தெரியும். ஆனா தப்பு ரெண்டு பேருமா பண்ணாப்புல இருக்கும்ல. இப்ப பாரு, நீ தனியா மாட்டிக்கிட்ட."

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். விளக்கக் கடிதம் எழுதினேன். சலங்கையைப் படம் எடுத்து அனுப்பினேன். எதற்கும் பதில் இல்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை. அந்தப் பாரத்தைப் படித்துவிட்டு நான் எழுதும் எந்தக் கடிதத்தையும் நானே நம்ப மாட்டேன்.

ஆறு நாள் கழித்து, சாயங்காலம் நாலரை மணிக்குச் சுங்க அலுவலகத்திலிருந்தே டீச்சர் பேசினார். நிபுணர் வந்துவிட்டார், அனுப்பியவனிடம் பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டு, போனை அவரிடம் கொடுத்துவிட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலம் மாதிரிதான் இருந்தது. இரண்டு ஏழைகள் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்கிற மாதிரி பேசிக்கொண்டோம். உள்ளே பவுடர் இருக்கிறதா என்று கேட்டார். நாட்டியத்துக்கு முகத்தில் பூசுகிற பவுடரும் நான் விற்றுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஸ்டாக் இல்லை, அடுத்த பார்சலில் கண்டிப்பாக அனுப்புகிறேன் என்று உறுதி கொடுத்தேன்.

டீச்சர் போனைப் பிடுங்கியது எனக்கே கேட்டது.

"தம்பி, இனி நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். வீட்டில சலங்கை ஏதும் இருக்குதோ?"

"படம் எடுக்க ஒண்ணு வச்சிருக்கேங்க."

"அதைக் காலில கட்டிக்கொண்டு ஆடுங்கோ. அவர் கேட்கட்டும். உங்கட இங்கிலீஷ் அவருக்கு விளங்காது, சத்தம் விளங்கும்."

"எனக்கு ஆடத் தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியும். நான் சொல்லிச் சொல்லித் தாறன்."

வேறு வழி இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலியில் வைத்தேன். லுங்கியை மடித்துக் கட்டி, வலது காலில் சலங்கையைக் கட்டினேன். டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுக்கழி இல்லாமலே தாளம் சொன்னார். "தை, யா, தை, ஈ." நான் மிதித்தேன். மேசை மேல் இருந்த டம்ளர்கள் குலுங்கின. முதலில் வெட்கத்தோடுதான் மிதித்தேன். பிறகு அந்தப் பிள்ளையின் அரங்கேற்றம் ஞாபகத்துக்கு வந்தது, பலமாக மிதித்தேன். எத்தனை வருடப் பழக்கமோ, டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. "அரைமண்டியில இருங்கோ தம்பி. முழங்காலை விரியுங்கோ. முகத்தில சிரிப்பு வேணும்" என்றார். நான் முழங்காலை விரித்து, ஜெர்மனியைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போதுதான் கதவு திறந்தது.

அது புதன்கிழமை. எங்கள் பங்குக் கோயிலின் அன்பியக் கூட்டம், அதாவது தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செய்யும் ஜெபம், அன்று எங்கள் வீட்டில். ஸ்டெல்லா காலையிலேயே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் அந்த வாரம் எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கீழே போய் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பைபிளும் ஜெபமாலையுமாகப் பதினொரு பெண்கள். முன்னால் தலைவி பிலோமினா டீச்சர், கான்வென்ட் பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவர். அத்தனை பேரும் வாசலில் அப்படியே நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சத்தம் போய்விடும், சத்தம் போனால் பார்சல் போய்விடும். வாயில் விரலை வைத்துப் பேசாதீர்கள் என்று ஜாடை காட்டினேன். (அதையும் அபிநயம் என்று நினைத்துக்கொண்டார்களாம். பின்னால் சொன்னார்கள்.)

"ஏசப்பா, இந்தக் குடும்பத்தை..." என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள்.

நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஆண் குரல். பிறகு சுகந்தி டீச்சர்: "காணும் தம்பி, காணும். நிப்பாட்டுங்கோ. அவருக்கு விளங்கிட்டுது. திறக்கினம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க ஸ்டெல்லா கை கொடுக்க வேண்டியிருந்தது. அவள் என் காலிலிருந்து சலங்கையை அவிழ்த்துவிட்டு, எல்லாருக்கும் பாய் விரித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பெட்டியைத் திறந்தார்கள், மணி என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பெல்ட் தோல் அல்லவா, என்ன மிருகத்தின் தோல் என்று காகிதம் வேண்டுமாம். ஆரோக்கியராஜ் கடையைச் சாத்திவிட்டு, தோல் வெட்டிக் கொடுத்தவரைத் தேடிக் குறிஞ்சிப்பாடிக்குப் போனான். அவர் எருமை என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ஆங்கிலத்தில் மாற்ற நான் அகராதியை எடுத்தேன். ஸ்டெல்லா அதை என் கையிலிருந்து வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பிலோமினா டீச்சர் வீட்டுக்குப் போய் எழுதி வாங்கிவந்தாள். இரண்டே வரி. ஸ்கேன் செய்து அனுப்பினோம். அடுத்து சனி, ஞாயிறு, சுங்கத்துக்கு விடுமுறை.

அரங்கேற்றம் அந்த ஞாயிற்றுக்கிழமை. சலங்கை கையில் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. அந்தப் பிள்ளை, டீச்சரிடம் முன்பு படித்துவிட்டுப் போன வேறொரு பெண்ணின் சலங்கையை இரவல் வாங்கி, பெரிதாக இருந்ததால் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சுகந்தி டீச்சர் போன் செய்தபோது, திட்டு வாங்க நின்றுகொண்டே பேசினேன். அவர் திட்டவில்லை.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ" என்று போனை எங்கேயோ வைத்தார். பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஒரே காலில் ஒரே சலங்கையோடு நான் போட்ட சத்தம் இல்லை. பன்னிரண்டு பிள்ளைகள், இருபத்துநான்கு கால், ஒரே மிதி. மரத்தரை போலிருக்கிறது, போன் வழியாகவே நெஞ்சில் அடித்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அவள் காதில் வைத்தேன்.

"கேட்குதோ தம்பி?"

"கேக்குதுங்க."

"என்ர மகள் இண்டைக்குத்தான் ஒழுங்கா ஆடுறாள். ஞாயிற்றுக்கிழமை வந்த சனத்துக்கு அது தெரியாது, விடுங்கோ. அடுத்த முறை 'டான்ஸ் பெல்' எண்டு மட்டும் எழுதுங்கோ, என்ன?"

அடுத்த முறை அப்படித்தான் எழுதினேன். ஒரு வருடம் எழுதினேன். பிறகு வெளிநாட்டு வியாபாரமே போதும் என்று, உள்ளூரில் ஜெராக்ஸ் கடை வைத்துவிட்டேன். அங்கே யாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று என்னை எழுதச் சொல்வதில்லை.

ஆனால் பதினொரு பெண்கள் பார்த்துவிட்டால் எந்த ஊரிலும் ஒரு விஷயம் அடங்காது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சிப் பட்டியலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வாசித்தார். பாட்டு, நாடகம், மூன்றாவதாக என் பெயரில் பரதநாட்டியம். நான் அன்றைக்கே பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கு ஓடிவிட்டேன். அதோடு விட்டார்களா? ஒவ்வொரு டிசம்பரிலும் வெள்ளைத் தாளை எடுத்தால் முதலில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களிடம் கேட்கிறார்கள். புதிதாக வரும் சாமியார்களுக்கு உண்மையாகவே நான் கலைஞன் என்று ஆரோக்கியராஜ் சொல்லிவைக்கிறான்.

போன வருடம் என் மகள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நடனம் பழகிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க டான்சராமே? பிலோமினா டீச்சர் சொன்னாங்க. ஏம்ப்பா விட்டுட்டீங்க?"

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முட்டி வலிம்மா" என்றேன்.