கத்திரிக்காய்க்கு ஓர் எச்சரிக்கை

சுமிரே கதையை இணையத்தில் ஏற்றிய அன்று, மதியம் பன்னிரண்டே காலுக்கு முதல் புகார் வந்தது.

"அருமையா எழுதறீங்க. ஆனா கத்திரிக்காய் எனக்குக் கண்ணிவெடி. திறந்ததும் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா மூடியே வெச்சிருப்பேன். இப்படிக்கு, கல்தவளை."

ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்துக் கதை எழுதும் அந்த ரசிகர் கூட்டத்தில் தனக்கு ஆகாத எதற்கும் கண்ணிவெடி என்று பெயர். கதையின் தலையில் எச்சரிக்கை ஒட்டுவது மரியாதை. சுமிரேயும் ஒட்டித்தான் இருந்தாள். அந்தத் தொடரின் வாள்வீரனும் வைத்தியனும் அவள் கதையில் காதலிக்கிறார்கள். நடுவில் ஒரு கை வெட்டுப்படுகிறது. கை போனதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைசியில் வைத்தியன் ஊட்டிவிடும், மிசோ என்ற சோயா விழுதில் வதக்கிய கத்திரிக்காய்தான் குற்றமாகிவிட்டது.

ஞாயிறுவரை சச்சரவில்லாமல் இருந்தால் கதை ரசிகர் சங்கத்தின் தொகுப்பில் அச்சேறும். ஆறு வருடமாக எழுதுகிறாள், ஒருமுறைகூட அச்சில் வந்ததில்லை. அவசரமாக 'கத்திரிக்காய் உண்டு' என்று சேர்த்தாள்.

"முடிவைப் போட்டு உடைச்சுட்டீங்களே!" என்று அடுத்தவர் வந்தார்.

'கீழுள்ள எச்சரிக்கை முடிவைச் சொல்லிவிடும், கவனம்' என்று அதற்கு மேலே ஒன்று ஒட்டினாள்.

"கவனம்னு படிச்சதுமே எனக்குப் படபடன்னு வருது. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

அதையும் சொன்னாள்.

"கத்திரிக்காய்க்கு மட்டும் என்ன தனிச் சலுகை? எனக்கு வெண்டைக்காய் ஆகாது."

"கதையில வெண்டைக்காயே இல்லீங்களே?"

"இல்லைங்கறதை நீங்கதானே சொல்லணும்?"

'வெண்டைக்காய் இல்லை' என்றும் எழுதினாள். வெள்ளிக்கிழமை எச்சரிக்கை பன்னிரண்டு பத்தி ஆகியிருந்தது. கதை ஒன்பது பத்திதான்.

வெறுத்துப்போய்க் கத்திரிக்காயைத் தூக்கிவிட்டுப் பூசணிக்காயைப் போட்டாள். உடனே கத்திரிக்காய்க்குப் பேர்போன நீகாட்டாவே திரண்டு வந்துவிட்டது. கோடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் மூட்டை மூட்டையாகக் கத்திரிக்காய் வைத்துவிட்டுப் போகும் ஊர் அது.

"கத்திரிக்காய்னு போட்டிருந்ததை நம்பித்தானே வந்தோம்? பூசணிக்காயை யாரு கேட்டா?"

சாயங்காலம் தொகுப்பாளர் ஹீராகி அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சுமிரே, உன் கதைக்குக் கீழ எண்பது பேர் அடிச்சுக்கறாங்க. இந்தத் தடவை வேண்டாம்மா."

சுமிரேவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருடக் கனவை ஒரு காய் தின்றுவிட்டதே என்று ஆத்திரமும் வந்தது. அந்த நேரம் பார்த்து ரயில்வேயில் வேலை செய்யும் கணவன் தெத்சுரோ வீட்டுக்குள் நுழைந்தான். வழக்கம்போல் காலி டிபன் டப்பாவைக் கழுவும் தொட்டியில் வைத்தான். அவள் கதை எழுதுவது அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். போனில் சமையல் குறிப்பு பார்க்கிறாள் என்று அவன் நம்புவதாக அவளுக்கு எண்ணம். அவள் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள்.

"ஏன் அழறே?"

இனி எதை மறைத்து என்ன? எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எல்லாம் அந்தக் கல்தவளையால வந்தது! பொண்டாட்டி ஆக்கிப் போடறதை வாயை மூடிட்டுத் திங்கிற உங்களை மாதிரி ஒரு மனுஷனா இருந்தா இப்படி எழுதுவானா? நீங்களே சொல்லுங்க, என் கதையில அப்படி என்ன குறை?"

தெத்சுரோ காதைச் சொறிந்தான். டிபன் டப்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"கதையில ஒரு குறையும் இல்லை சுமிரே. ஆறு வருஷமா ஒண்ணு விடாம படிக்கறேன். நேர்ல சொல்லத் தைரியமில்லாம அங்க நான் எழுதினது டிபன் டப்பாவைப் பத்தி."