ஓடக் கூடாத கார்

முதல் முறுக்கிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டதும் ஹெஃபின் பயந்துபோனார்.

இருமவில்லை, திணறவில்லை. எட்டு சிலிண்டரும் குஷியாக உறுமின. மூன்று வருடமாகச் சனிக்கிழமை தோறும் அவரும் நண்பர் க்விலிமும் இந்தக் கொட்டகையில் மல்லுக்கட்டியது இந்தச் சத்தத்துக்காகத்தான். 1932-ஆம் வருடத்துக் கார். கூரையை அறுத்துத் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றிப் போட்டு, அந்தக் காலத்துப் பெரிய இன்ஜினாகத் தேடிப் பொருத்தியிருந்தார்கள். அவர்கள் ஊரான போர்த்லாஸின் கடற்கரையில் வருடா வருடம் நடக்கும் பழைய கார் பந்தயத்தில், கடல் உள்வாங்கியதும் ஈர மணலில் ஒரு மைல் பறக்கவிட வேண்டும். அதுதான் திட்டம்.

பறந்துவிட்டால் க்விலிம் ஏன் வரப்போகிறார்?

மனைவி மைர் போய்ச்சேர்ந்த பிறகு ஹெஃபின் வாய் திறந்து பேசுவது சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாள்களில் வானொலிக்காரரோடு சண்டை போடுவார். அவர் பதில் சொல்வதில்லை. க்விலிமும் ஒன்றும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. திட்டிக்கொண்டே வருவார், திட்டிக்கொண்டே போவார். அவருக்கென்ன, தோட்டம் இருக்கிறது, கேரட் இருக்கிறது. மனிதத் துணையே தேவைப்படாத ஆள். ஆனாலும் மேசையில் இரண்டாவது கோப்பை வைக்க ஹெஃபினுக்கு வேறு யாரும் இல்லை.

அவர் இன்ஜினை அணைத்தார். ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் மூடிக்குள்ளிருந்து ஒரு சின்னத் துண்டைக் கழற்றித் தேயிலை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார்.

சனிக்கிழமை க்விலிம் வந்து குனிந்து பார்த்தார்.

"யோவ், பிளக்குக்குக் கரண்டே வரல. என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் தொடவே இல்லப்பா."

"இந்தச் சனியன் என்னைக்கு ஓடி, நான் என்னைக்கு என் கேரட்டப் பாக்கறது? காய்கறிக் கண்காட்சி வேற வருது."

ஹெஃபினுக்கு மனசு உறுத்தியது. அடுத்த வாரம் துண்டை எடுத்து மாட்டிவிட்டார். இப்போது வண்டி நிஜமாகவே கிளம்பவில்லை. திறந்து பார்த்தால் பெட்ரோல் டாங்கில் மணல்.

"மணல் எப்படிய்யா உள்ள போச்சு?"

"காத்துல வந்திருக்கும்," என்றார் க்விலிம், தலையை நிமிர்த்தாமல். "கடற்கரை ஊருல வேற என்ன வரும்?"

"மூடி போட்டுத்தானே இருந்துச்சு?"

"டீ ஆறுது. குடி."

டாங்கைக் கழுவினார்கள். கழுவியதில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைத்தால் பெட்ரோல் குழாய் உடைந்தது. ஹெஃபின் ஒரு சனிக்கிழமைக்கு ஆசைப்பட்டார். கோடை முழுவதும் கிடைத்தது. உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தில் மண் போட எலூனெட் வந்தார். போர்த்லாஸில் ஆள் பஞ்சம். தபால் நிலையத்தில் முத்திரை குத்துவது, பந்தயக் கார்களைச் சோதிப்பது, க்விலிமின் கேரட்டை யாராலும் ஜெயிக்க முடியாத அந்தக் காய்கறிக் கண்காட்சிக்கு நடுவராக இருப்பது, எல்லாமே எலூனெட்தான்.

"பந்தய விதிப்படி கேக்கறேன், 1949-க்கு அப்புறம் வந்த சாமான் ஏதாச்சும் வண்டியில இருக்கா?"

"ஓட்டறவன் வாயில பல்செட்டு இருக்கு," என்றார் க்விலிம்.

எலூனெட் சிரிக்கவில்லை. "ஹெஃபின் அண்ணே, மூணு வருஷமா உங்க எடம் காலியாவே கெடக்கு. இந்தத் தடவ வண்டி கோட்டுல வந்து நிக்கலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்."

ஹெஃபின் யோசித்துப் பார்த்தார். வண்டி கோட்டுக்கு வராவிட்டால் இடம் போச்சு, அதோடு சனிக்கிழமையும் போச்சு. வந்து ஒழுங்காக ஓடினாலும் சனிக்கிழமை போச்சு. அதனால் வர வேண்டும், ஆனால் உருப்படியாக ஓடக் கூடாது. ஊர்ந்தால் போதும், அடுத்த வருடத்துக்குள் சரி செய்யலாம் என்று க்விலிமை மறுபடி உட்கார வைத்துவிடலாம்.

பந்தய நாள் காலை, ஒருவழியாகச் சரி செய்து முடித்த வண்டியை டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன், இடப்பக்கப் புகைக்குழாய்க்குள் ஒரு உருளைக்கிழங்கைத் திணித்தார். பக்கத்துக்கு ஒரு குழாய், குழாய்க்கு நாலு சிலிண்டர். பாதி இன்ஜின் மூச்சுத் திணறும், மீதிப் பாதி இழுத்துக்கொண்டு போகும்.

கடல் உள்வாங்கியிருந்தது. மணல் தார்ச்சாலையாக இறுகிக் கிடந்தது. கொடி விழுந்தது. ஹெஃபின் முடுக்கினார். வண்டி உயிர் பிடிக்கவே இல்லை. மறுபடி முடுக்கினார். ம்ஹூம்.

"பாதியாச்சும் ஓடணுமே!" என்றார் ஹெஃபின், நிஜமான அதிர்ச்சியோடு.

"அதானே!" என்ற க்விலிம் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எலூனெட் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து, இடது குழாயிலிருந்து உருளைக்கிழங்கை நெம்பி எடுத்தார். கூட்டம் சிரித்தது. ஹெஃபினின் காது சிவந்தது. அழுகை வரும் போலிருந்தது.

"க்விலிம், நான்தான்யா. வண்டி ஓடிருச்சுன்னா நீ வரமாட்டியேன்னு..."

க்விலிம் அவரைப் பார்க்கவில்லை. வலது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எலூனெட் அதற்குள்ளும் கையை விட்டார். மணிக்கட்டுப் பருமனில், நேராக, வழவழவென்று ஒரு கேரட் வெளியே வந்தது. அதை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கு யாரோடதோ, எனக்குத் தெரியாது. ஆனா போன வாரம் இந்தக் கேரட்டுக்கு நான்தான் முதல் பரிசு குடுத்தேன்."