நாக்கால் வரி போட்ட ஆயக்காரர்

கண்ணால் பார்த்து வரி போட்டவர்கள் உண்டு. கணக்கைப் புரட்டி வரி போட்டவர்கள் உண்டு. நாக்கால் வரி போட்டவர், எனக்குத் தெரிந்தவரை, இந்தியத் திருநாட்டில் ஒரே ஒருவர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் இடையிலிருந்த எங்கள் பஞ்சாயத்தில் அவர் பில் கலெக்டராக இருந்தார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கும் ஒரு பெயர் இட்டிருப்பார்கள். எங்கள் சபையில் அது யாருக்கும் நினைவில்லை. வேதத்தில் வரி வசூலிப்பவனுக்கு ஆயக்காரன் என்று பெயர். பாவிகளோடு சேர்த்தே அவனைச் சொல்வது வழக்கம். ஆகவே இவர் ஆயக்காரர். இதில் அவருக்கு வருத்தம் கிடையாது. பெயரை ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல் அதற்குரிய கடமைகளையும் ஏற்றுக்கொண்டார். வாரம் முழுவதும் வசூலித்துவிட்டு, ஞாயிறன்று ஆலயத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால், வாசலுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று மார்பில் அடித்துக்கொள்வார். அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறக்கும். போதகர் ஒரு முறை பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கெஞ்சினார்:

“ஐயா, கொஞ்சம் மெதுவா மனந்திரும்புங்க. நான் பேசுறது எனக்கே கேக்கல.”

ஆண்டுதோறும் முதல் வரியை அவர் தம்மிடமே வசூலித்தார். மனைவி இறந்தபின், ஏரிக்கரை ஓரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தார். தமது கதவைத் தாமே தட்டி, “ஐயா, வரி!” என்பார். பிறகு உள்ளே போய், தணிந்த குரலில், “அடுத்த வாரம் வாங்களேன்” என்பார். மறுபடி வெளியே வந்து, “இந்தக் கதையெல்லாம் வேணாம். போன வருசமும் இதையேதான் சொன்னே” என்று அதட்டுவார். இதைப் பார்க்கவே ஊரில் ஒரு கூட்டம் கூடும். யாருக்கும் சலுகை இல்லை என்பதை ஊர் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் கொள்கை.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் புதிய வரிச் சட்டம் வந்து சேர்ந்தது. தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலம். வேலைக்கு வந்தவர்களுக்காக, வீட்டு உரிமையாளர்கள் ஒரு வீட்டை நான்காகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். வரி மட்டும் ஒரு வீட்டுக்கே கட்டினார்கள். அதைப் பிடிக்க, “தனிச் சமையல் நடந்தால் தனி வீடு, தனி வீட்டுக்குத் தனி வரி” என்று விதி வந்தது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் வாடகைக்காரர்களுக்காக வீசிய வலையில் கூட்டுக் குடும்பங்கள் சிக்கின. மாமியாருக்கு முன்கட்டில் ஓர் அடுப்பு, மருமகளுக்குப் பின்கட்டில் ஓர் அடுப்பு என்று சமாதானமாக வாழ்ந்த வீடுகளெல்லாம் சட்டத்தின் கண்ணில் இரண்டிரண்டு வீடுகளாயின.

எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் சித்தப்பா குடும்பம். சித்தி பழவேற்காட்டுக்காரர், கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அம்மாவுக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது. இதில் மூண்ட சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று, அடுப்பு இரண்டாகியிருந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, எளாவூர் செக்போஸ்ட் அருகே வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். வருமானம் நின்றுவிட்டது. அப்பா வரியைத் தானே கட்டுவதாகச் சொன்னார். சித்தப்பாவின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

“தனி ஊடுன்னு எழுதிட்டா, அந்த வரிய உன் தலையில கட்டமாட்டேண்ணே. பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு பழவேற்காடு மாமியாரூட்டுக்குப் பூடறேன்.”

அன்றிலிருந்து அப்பா சாப்பிடும்போதுகூடப் பின்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயக்காரர் முதலில் அடுப்புகளை எண்ணக் கிளம்பினார். தெருவே உஷாரானது. இரண்டாவது அடுப்பின் மேல் வைக்கோலைப் பரப்பி, முட்டையை வைத்து, கோழியை உட்கார வைத்தார்கள். “இது அடுப்பு இல்லீங்க, அடை வெக்கிற எடம்” என்றார்கள். அவர் குனிந்து பார்த்த வீடுகளிலெல்லாம் கோழிகள் அவர் மூக்கைக் கொத்தின.

மூக்கில் பிளாஸ்திரியோடு அவர் வந்த ஞாயிறன்று சபைக் கூட்டம் இதைப் பற்றியே பேசியது. நியாயமில்லாத வரிக்கு அடுப்பை மறைப்பது பாவமா? “அதெல்லாம் பாவத்துல சேராது” என்றார் ஒரு மூப்பர். அவர் வீட்டில் மூன்று அடுப்புகள். விளைவுகளை எடைபோட்டு நான் நீண்ட நேரம் பேசினேன். பட்டம் வாங்கிய புதிது. கடைசியில் வாசலிலிருந்து ஆயக்காரரின் குரல் வந்தது.

“வரி சர்க்காருது. அதுக்குப் பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒரு குடும்பத்தை ரெண்டுன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல. ஆண்டவர் சேத்து வெச்சது அது. ஒரே சட்டியில துன்றவங்க ஒரே ஊடு. வெவ்வேற சட்டின்னா வெவ்வேற ஊடு. அதை நான் துன்னு பாத்துதான் எழுதுவேன்.”

மறுநாள் முதல் அவர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி தெரிந்தது.

எங்கள் தெருவுக்கு வரப்போகும் நாள் தெரிந்ததும் பெண்கள் கூடி ஆலோசித்தார்கள். முன்கட்டிலும் பின்கட்டிலும் ஒரே குழம்பு இருந்தால் போதும். ஆனால் யார் வைத்த குழம்பு? மாமியார் குழம்பை மருமகள் ஏற்கவில்லை. மருமகள் குழம்பை மாமியார் வாயில் வைக்கத் தயாரில்லை. ஆகவே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுநிலையாளராக மேட்டு வீட்டு சாராம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஆலயத்து அண்டாவை வாங்கிவந்து தெரு முழுமைக்கும் குழம்பு வைத்தார். அம்மா மட்டும் பாத்திரம் கொடுக்கவில்லை.

“கோயில் அண்டாவுல பொய்யக் காச்சிக்கினு கீறாங்க. எனக்கு வேணாம். வரி வந்தா வரட்டும்.”

அப்பா நொந்துபோனார்.

ஆயக்காரர் முதல் வீட்டில் ருசித்தார். “புளி தூக்கல்.” இரண்டாம் வீட்டில் ருசித்தார். “இங்கயும் புளி தூக்கல்.” தெருவின் பாதியில் அவர் நெற்றி சுருங்கியது. தெருக்கோடியில், எங்கள் வீட்டுக்கு முந்தின வீட்டு வாசலில், கரண்டியைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்:

“சந்தோசம். இந்தத் தெரு மொத்தமும் ஒரே குழம்பு. அப்போ தெரு மொத்தமும் ஒரே ஊடு. ஒரு வரி போதும். ரேஷன் கார்டும் இனிமே ஒண்ணுதான்.”

 தெரு அவர்மேல் பாய்ந்தது.

“இன்னா நைனா இது அநியாயம்! சர்க்கரைக்கு இன்னா பண்றது?”

“அவங்க வேற, நாங்க வேற! எங்கூட்ல ரெண்டு அடுப்பு கீது, வந்து பாரு!”

“கோழிய எடுடி மொதல்ல!”

வைக்கோல் பறந்தது, கோழிகள் தெருவில் ஓடின. மூப்பர் தமது மூன்று அடுப்புகளையும் தாமே சுட்டிக்காட்டினார். “பொய்க் குழம்புக்கு வரி போட சட்டத்துல எடமில்ல” என்றார் ஆயக்காரர். “நாளையிலேர்ந்து நெசமா ஒண்ணா துன்றவங்க ஒரே ஊடு. எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன்.” சில வீடுகளில் அப்படித்தான் மாமியாரும் மருமகளும் முணுமுணுத்துக்கொண்டே ஓர் அடுப்புக்கு வந்தார்கள்.

எஞ்சியது எங்கள் வீடு. அம்மாவின் முருங்கைக்காய்க் குழம்பை ருசித்துவிட்டு ஆயக்காரர் பின்கட்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். சித்தி கதவோரம் நின்றார். கட்டிலில் சித்தப்பா மாவுக்கட்டோடு எழுந்து உட்கார்ந்தார். அங்கேயும் அடுப்பின் மேல் ஒரு கோழி!

“நீயுமாம்மா?” என்று ஆயக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். கோழி கொத்தவில்லை; லேசாக எழுந்தது. அதன் அடியிலிருந்து மஞ்சள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின.

அவர் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். “குஞ்சு வர மூணு வாரம் ஆவுமே. அத்தினி நாளா இங்க நெருப்பே மூட்டலியா?”

“அவரு கால் ஒடஞ்சதுலேர்ந்து மூட்டலீங்க,” என்றார் சித்தி. “அடுப்பு சும்மாதானே கீதுன்னு அதுவா வந்து குந்திக்கிச்சு.”

“அப்போ புள்ளைங்க இன்னா துன்றாங்க?”

சித்தி ஜன்னலைக் காட்டினார். அங்கே ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. ஆயக்காரர் திறந்து, கரண்டியை விட்டு, கண்ணை மூடி ருசித்தார்.

“முருங்கைக்காய். வெந்தயம் கருகாம வறுத்தது.”

நாங்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

“நான் இன்னும் அவளோட பேசலண்ணே,” என்றார் அம்மா விறைப்பாக. “சட்டிய ஜன்னல்ல வெப்பேன், அவ்ளோதான்.”

“நானும்தான் பேசல,” என்றார் சித்தி. “கழுவி வெச்சுடுவேன்.”

“அதானே பாத்தேன்,” என்றார் சித்தப்பா. “மூணு வாரமா கருவாட்டையே காணமேன்னு.”

ஆயக்காரர் கரண்டியைப் பையில் செருகினார். “பேச்சுக்கு வரி இல்லம்மா. ஒரே ஊடு.”

அப்பா முற்றத்தில் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தோம். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஆயக்காரரைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதன்பின் அவர் ஞாயிறுதோறும் “மறு ஆய்வுக்கு” வந்தார். பிறகு வாரநாட்களிலும் ஆய்வு அவசியமாயிற்று. சித்தப்பாவின் கால் கூடியது, லாரி ஓடியது, அம்மாவும் சித்தியும் மீண்டும் பேசி, மீண்டும் சண்டையும் போட்டார்கள். ஆயக்காரரின் தட்டு எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

மறு ஆண்டு அவர் தமது வரியை வசூலிக்கக் கிளம்பியபோது வழக்கம்போல் கூட்டம் கூடியது. கதவைத் தட்டக் கை ஓங்கினார். கூட்டத்திலிருந்து அம்மா கேட்டார்:

“அண்ணே, நீங்க துன்றது எங்க சட்டியில. அப்புறம் இந்த ஊட்டுக்கு எதுக்குத் தனி வரி?”

ஓங்கிய கை அப்படியே நின்றது. “கூரை வேறயாச்சேம்மா,” என்றார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

வரியை அவர் கட்டத்தான் செய்தார். சட்டம் அவருக்குச் சட்டம்தான். ஆனால் அந்தக் கதவை அவர் அதன்பின் எந்த ஆண்டும் தட்டவில்லை. அங்கே யாரும் குடியில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.