கொலைக்காகக் காத்திருந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் பொன்னுரங்கம் என்ற முள்ளம்பன்றி கொலைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. ரத்தத்தைப் பார்த்தாலே அதற்குத் தலைசுற்றும். ஆனாலும் வேறு தலைப்பு எதுவும் மிச்சமில்லை.

புலி அடித்துத் தின்பது இதில் சேராது, அது சாப்பாடு. ஒரே இனத்துக்குள் குத்திக்கொண்டு சாவதுதான் ஆராய்ச்சி. நாலு வருஷத்தில் பதினொரு சாவுகளை விசாரித்திருந்தது. கொன்றதெல்லாம் பங்காளி, மைத்துனன், கூட மேய்ந்த கூட்டாளி. காரணம் கேட்டால், "நாலு பேர் முன்னாடி என்னைப் பார்த்துச் சிரிச்சான்" என்பார்கள். அவ்வளவுதான்.

வழிகாட்டிப் பேராசிரியரான நரி ஆறு அத்தியாயங்களையும் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"எல்லாம் கேள்விப்பட்டதாகவே இருக்கிறதே! நீங்கள் கண்ணால் பார்த்த கொலை ஒன்றாவது வேண்டாமா?"

பொன்னுரங்கம் குளக்கரையில் போய் உட்கார்ந்தது. யாராவது சாகட்டும் என்று காத்திருக்கிறோமே என மனசு உறுத்தியது. அந்த உறுத்தலை ஓர் அடிக்குறிப்பில் எழுதியதும் நிம்மதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் தண்ணீர் வரிசையில் சடையாண்டி என்ற காட்டெருமை இடையில் புகுந்தது. பின்னால் நின்ற அதன் பெரியப்பா மகன் மாசாணம் உறுமியது.

"வரிசை கண்ணுக்குத் தெரியலையா?"

"ஒடிஞ்ச கொம்ப வச்சுக்கிட்டு நீ பேசுறியா?"

மரத்தில் இருந்த குரங்குகள் சிரித்தன. ஒன்று செல்போனை எடுத்துப் படம்பிடித்தது. அதற்குமேல் மாசாணத்தால் பின்வாங்க முடியவில்லை. தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது.

பொன்னுரங்கத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. ஓடிப்போய் நடுவில் நின்றது.

"அண்ணே, ஒரு நிமிஷம்! உங்க ஒப்புதல் இல்லாம நான் இதைப் பார்க்கக் கூடாது. இந்தப் படிவத்தை மட்டும் முடிச்சிட்டு அப்புறம் குத்துங்க."

"சீக்கிரம் கேளு," என்று மாசாணம் மூச்சிரைத்தது.

"எதிராளி உங்களுக்கு என்ன உறவு?"

"சித்தப்பா மகன்."

"எத்தனை நாள் பழக்கம்?"

"பொறந்ததுலேருந்து. ஒரே சேத்துல புரண்டோம்."

"கோபம் பத்துக்கு எவ்வளவு?"

"ஒம்பது… இல்ல, எட்டு போட்டுக்கோ."

"எட்டுன்னா பின்னிணைப்பும் உண்டு அண்ணே. மொத்தம் முப்பத்தாறு கேள்வி."

பத்தொன்பதாவது கேள்வியில் செல்போனில் சார்ஜ் தீர்ந்து குரங்குகள் கலைந்தன. இருபத்திரண்டாவதில் சடையாண்டி கொட்டாவி விட்டது.

"டேய் அண்ணா, வெயில் ஏறுது. நீயே முதல்ல குடி."

மாசாணம் குடித்தது. இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பின.

"அண்ணே, இன்னும் பதினாலு கேள்வி இருக்கு!" என்று பொன்னுரங்கம் கத்தியது. யாரும் திரும்பவில்லை. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

'களப்பணி தோல்வி. எதுவும் நடக்கவில்லை' என்று எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தது. நரி அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னது. கிழித்தது. கடைசியில், 'கொலைகளைத் தடுக்கும் வழி எதுவென மேலும் ஆராய வேண்டும்' என்று முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டது.

நீதி: ஓர் உயிரைக் காப்பாற்ற இருபத்திரண்டு கேள்வி போதும்; காப்பாற்றியது தெரியாமலிருக்க முனைவர் பட்டமே வேண்டும்.