முப்பத்தெட்டு கிளாஸ் டீ

செங்கல்பட்டு
25-8-1974

அன்புள்ள தம்பி சௌகத் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளும் நலம். அங்கே நீ, குழந்தைகள், உன் டூரிஸ்ட் பஸ் ஆகிய அனைவரின் நலமும் அறிய ஆவல்.

மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களைச் சனிக்கிழமைகளில் எங்கள் தொழுநோய் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோதே எனக்கு நம்பிக்கையில்லை. ஐம்பது வருஷத்துக் கட்டடத்தையும் அதில் நடந்த வேலையையும் கண்டால் ஜனங்களின் பயம் போய்விடும் என்பது எங்கள் சூப்பரின்டெண்டின் நினைப்பு. நேற்று உன் பஸ்ஸிலிருந்து முப்பத்தெட்டு பேரும் மூக்கில் கைக்குட்டையோடுதான் இறங்கினார்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமியைக் காட்டினேன். முதலில் குனிந்தவர், "கறுப்பா, வளைஞ்சி, ஆடிகினு கீதும்மா!" என்று அலற, அது உங்கள் கண்ணிமை மயிர் என்று நான் சொல்ல, "அதுக்குள்ள கண்ணுலயே ஒட்டிக்கிச்சா?" என்று அவர் மனைவி அழ, அவளைத் தேற்ற வந்தவர் எலிக்கூண்டில் இடித்துக்கொள்ள, எலி தப்பிவிட்டதென்று ஆளாளுக்கு நாற்காலி மேல் ஏறிய நெரிசலில் என் பிளாஸ்க் விழுந்து நொறுங்கியது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டீ விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பர்வதம் என்று ஒருத்தி, நோயாளியாக இங்கே வந்தவள். குணமாகிப் பதினைந்து வருஷமாகிறது. இரண்டு விரல் மடங்கியிருக்கும், அவ்வளவுதான். பத்து வருஷமாக எங்களுக்கு டீ போடுகிறாள். வருகிறவர்களுக்கும் அவளே போடட்டும், மூன்று சனிக்கிழமைக்குள் ஒருவரும் குடிக்காவிட்டால் வெளி ஆளை வைத்துவிடுவேன் என்று சூப்பரின்டெண்ட் சொல்லியிருக்கிறார். நேற்று இரண்டாவது சனிக்கிழமை. முப்பத்தெட்டு கிளாஸும் ஆடை படர்ந்து அப்படியே நின்றன. ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, ஒருவருக்கு விரதம், இன்னொருவர் "இப்பத்தான் நாஸ்தா பண்ணிகினு வந்தோம்" என்றார், மணி நாலரை. குணமானவர்களிடமிருந்து தொற்றாது என்று அரைமணி நேரம் பேசினேன். ஒரு கை நீளவில்லை. இவர்களைத் திருத்த என்னால் ஆகாது. இனி பஸ்ஸை இங்கே அனுப்பாதே. பர்மா பஜார் பக்கம் போனால் எனக்கு நல்ல பிளாஸ்க் ஒன்று வாங்கி அனுப்பு.

குழந்தைகளுக்கு என் முத்தமும் துஆவும்.

உன் அக்கா
ஷஹர்பானு

பின்குறிப்பு: திங்கள் காலை. தபாலில் போடுமுன் பர்வதத்திடம், உனக்காக எவ்வளவோ பேசினேன், பயனில்லை என்றேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவங்க மேல இன்னாத்துக்கு டாக்டரம்மா கோவம்? ஒரு நாள் வந்தவங்க. நீங்க பத்து வருசமா வூட்லேர்ந்து பிளாஸ்க்ல டீ எடுத்தாந்துகினுதான கீறீங்க." எனக்கு இப்போதே ஒரு கிளாஸ் போடு என்றேன். "வேணாம். சனிக்கெழம அவங்க எதிர்ல குடிங்க" என்றுவிட்டாள். பிளாஸ்க் வேண்டாம். பஸ்ஸை அவசியம் அனுப்பு. இஞ்சி தட்டிப் போடுவாள் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.