பெடல் பாயின் கதிர்வீச்சு

மயிலாப்பூரில் சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காத டெய்லர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அணுசக்தியைக் காரணம் காட்டி இழுத்தடித்தவர் இந்தப் பூமியிலேயே எங்கள் பெடல் பாய் ஒருவர்தான்.

தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கவே மாட்டார். "மோட்டாரு வெச்சா அதுவே தெச்சிக்கும். அப்பால நான் இன்னாத்துக்கு?" என்பார். அந்த மகராசனுக்கு ஒருநாள் இடது கால் புஸ்ஸென்று வீங்கிவிட்டது. தொடையில் ரத்தக்குழாய் அடைப்பு. அது திறக்காவிட்டால் பெடலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். பாய் முகத்தில் ஈயாடவில்லை. என் இரண்டு பேண்ட் அவரிடம் சிக்கியிருந்ததால், அடையாறு ஆஸ்பத்திரிக்கு நானே துணைக்குப் போனேன்.

இரண்டு பாதத்திலும் ஊசி போட்டு, கதிர்வீசும் மருந்து மேலே ஏறும் பாதையைக் கேமராவில் படம் எடுத்தார்கள். வலது காலில் நேர்கோடு. இடது காலில் கோடு தொடையோடு நின்று, பொடிப்பொடியாகப் பக்கவாட்டில் சிதறியிருந்தது.

"இன்னா டாக்டரே, பாதியில நூலு அறுந்துகீது!"

"அதான் பாய் அடைப்பு. ட்ரீட்மென்ட் முடிஞ்சதும் மறுபடி படம் எடுப்போம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குழந்தைங்க, கர்ப்பிணிங்க கிட்ட போகாதீங்க."

அந்த ஒரு நாளைப் பாய் தீபாவளி வரைக்கும் இழுத்தார்! குழாய் விட்டு அடைப்பை எடுத்து, கடைக்குத் திரும்பிய பிறகும் அதே பாட்டுதான். ஜாக்கெட் கேட்டு யார் வந்தாலும் ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"கிட்ட வராதம்மா! ஒடம்பெல்லாம் கதிரு!"

பெண்கள் எதிர்ச்சாரியில் நின்று கத்துவார்கள். "பாய், கல்யாணமே முடிஞ்சிடுச்சு!"

"அப்ப இன்னா அவசரம்? வளைகாப்புக்கு வாங்கிக்க!"

இரண்டாவது படத்துக்குப் போன அன்று மட்டும் அந்த வாய் அடங்கிவிட்டது. வெளியே காத்திருக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நூலு சேந்துருக்குமா நைனா?"

திரையில், பாதத்திலிருந்து இடுப்பு வரை அறாத ஒரே கோடு! பாய் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரே, இன்னொரு வாட்டி காட்டுங்க. டிரயல் பாக்காம டெலிவரி எடுக்க மாட்டேன்."

திரும்பும்போது ஆட்டோவில் ஓரமாக ஒண்டிக்கொண்டார். இடது கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"தள்ளி குந்து நைனா. இன்னிக்கி மெய்யாலுமே கதிரு கீது."

பாய் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. பேண்ட்டைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை. அவர் தோளை இடித்துக்கொண்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.