சந்தனத்தில் நின்ற கியர்

எனக்குக் கிளட்ச் வராது. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். மூன்று டிரைவிங் ஸ்கூல்கள் என்னைக் கைகழுவிய பிறகுதான், என்னைவிட நாலு வயது மூத்த அந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினேன். (பழைய கார் என்றால் எனக்குக் கோபம் வரும். கிளாசிக் என்று சொல்ல வேண்டும்.)

தம்பி பாண்டிக்கு வாடிப்பட்டியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஏசி வண்டி பேசலாம் என்றார் அப்பா. "எங்க அக்கா கார்லதான் போவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான் பாண்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பூரிப்பில் விடியற்காலையிலேயே காரைக் கழுவி, கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். கியர் குச்சிக்குப் பக்கத்தில் எழுத்துகள் இருக்கும் பட்டைக்குக் கொஞ்சம் தாராளமாகவே.

எங்கள் வீடு இருக்கும் காளவாசலில் வண்டியில் ஏறினால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கடைசிவரை இழுத்தால் ஓடுகிற கியர்தானே என்று இழுத்தேன். ஓடியது. ஆனால் வேகம் முப்பதைத் தாண்டவில்லை, இன்ஜின் மட்டும் அலறியது. பரவையில் ஷேர் ஆட்டோ முந்தியது. அடுத்து ஒரு டிராக்டர் முந்தியது. அதிலிருந்தவர்கள் மாப்பிள்ளைக்குக் கைகாட்டினார்கள்.

"அக்கா, முகூர்த்தம் பத்தரைக்கு. இம்புட்டு மெதுவாப் போனா பொண்ணு வேற யாரையாச்சும் கட்டிக்கிரும்" என்றான் பாண்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என்னை நம்பி வந்தவன்.

சமயநல்லூர் தாண்டி ஓரங்கட்டி, மெக்கானிக் சேகரண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கியர் விழலையா தங்கச்சி?"

புதுப் பட்டுப்புடவையோடு தார் ரோட்டில் படுத்து, காருக்கு அடியில் நன்றாகப் பார்த்தேன்.

"ஒண்ணும் விழலண்ணே."

"அது தெரியுது. ஏன் விழலங்கிறதுதான் கேள்வி."

"எல்லாமே கெட்டியாத்தாண்ணே மாட்டியிருக்கு!"

விழுவது என்றால் கியர் மாறுவது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். (கிளட்சே மிதிக்காதவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?) அவர் பொறுமையாக, இன்ஜினை ஓடவிட்டு கியர் ஆயிலைப் பார்க்கச் சொன்னார். அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பு, கருகிய வாடை இல்லை.

"அப்ப ஓடும்போது குச்சி எந்த எழுத்துல நின்னுச்சு?"

"சந்தனத்துலண்ணே."

விடியற்காலையில் பட்டையில் பூசிய கதையைச் சொன்னேன். "தொடைச்சுட்டு, குச்சிய அதே எடத்துல வச்சுப் பாரு" என்றார் பிறகு.

பாண்டி தோளில் கிடந்த பட்டுத் துண்டாலேயே துடைத்தான். 'L' தெரிந்தது.

"அது மேடு ஏறுறதுக்கு. ஒரே கியர்லதான் ஓடும். வண்டிக்கு ஒரு குறையும் இல்ல தங்கச்சி. ஒரு எழுத்து முன்னாடி தள்ளிட்டு கெளம்பு."

தள்ளினேன். கியர் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தில் நின்றோம். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் துண்டில் பெரிதாக ஒரு சந்தனக் கறை இருக்கும். இன்றைக்கும் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், "சந்தனத்தத் தொடைச்சுப் பாரு" என்று அப்பாவே சொல்கிறார்.

போன மாதம் பாண்டியின் மனைவி என் காரில் ஓட்டிப் பழக வந்தாள். சீட்டில் உட்கார்ந்தவள், சாவியைத் தொடும் முன் முந்தானையை எடுத்து எழுத்துப் பட்டையை அழுத்தித் துடைத்தாள். அதில் பொட்டுச் சந்தனம்கூட இல்லை.